தேரைக்குப் போட்ட ஊசி

பெரியம்மா பிள்ளைகள், சித்தி பிள்ளைகள், நான் என்று நாம் ஐந்து பேர் எங்கே கூடினாலும் பத்து நிமிடத்தில் பேச்சு மாமாவின் தேரைத் தொட்டிக்கு வந்துவிடுகிறது. நாக்கே இல்லாத அந்தத் தேரை இரண்டு கைகளாலும் புழுவை வாய்க்குள் திணிப்பதை உங்களில் ஒருவர் நடித்துக் காட்டுகிறார். மற்றவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறீர்கள். கல்யாண வீட்டில் போன மாதமும் அதுதான் நடந்தது. "நீ மட்டும் ஏன் உம்முன்னு இருக்க? நீதானே அந்த வீட்டுலயே இருந்தவ?" என்று கேட்டீர்கள். அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

நீங்கள் மே மாத விடுமுறைக்கு மட்டும் ஸ்ரீரங்கம் வந்து போனவர்கள். நீங்கள் பார்த்தது கொல்லையில் நான்கு சிமெண்ட் தொட்டிகள், அவற்றின் மேல் ஈரச் சாக்கு, உள்ளே வெள்ளை வெளேரென்று நாற்பது குஞ்சுத் தேரைகள். நான் பார்த்தது அதற்கு முந்தைய ஆவணியிலிருந்து ஐப்பசி வரை. அந்த மூன்று மாதங்களில்தான் அத்தை அந்த வீட்டை விட்டுப் போனார். அத்தை என்று நான் சொல்வது மாமாவின் முதல் மனைவியை. உங்களில் இரண்டு பேருக்கு அவர் முகம் நினைவிருக்காது. அவர் அந்த வீட்டில் இருப்பதா போவதா என்பது ஓர் ஊசி மருந்தைப் பொறுத்திருந்தது. அந்த மருந்துக்கு என்ன ஆயிற்று என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மூவரில் ஒருத்தி நான்.

எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பா மஸ்கட்டில் இருந்தார். அம்மாவும் நானும் மாமா வீட்டு மாடியில் இருந்தோம். மாமாவுக்குத் தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் கலர்மீன் கடை. கரண்ட் இரண்டு மணி நேரம் வந்து நான்கு மணி நேரம் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. காற்று மோட்டார் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். காலையில் கடையைத் திறந்தால் தங்கமீன்கள் பக்கவாட்டில் மிதக்கும். அவற்றை வலையால் அள்ளி வாளியில் போடுவதுதான் மாமாவின் முதல் வேலையாக இருந்தது.

ஆகவே அவர் சென்னை கொளத்தூர் கலர்மீன் சந்தைக்குப் போய் ஆப்பிரிக்கத் தேரைகளை வாங்கி வந்தார். தெர்மாகோல் பெட்டிக்குள் பாலிதீன் பை, பைக்குள் ஆணும் பெண்ணுமாக நான்கு. அவற்றின் அடையாளங்களை என் நோட்டில் எழுதி வைத்தேன். வெள்ளை உடல், இளஞ்சிவப்புக் கண், இமை கிடையாது. பின்னங்காலில் மூன்று விரல்களுக்கு மட்டும் கறுப்பு நகம். முதுகின் இரு ஓரமும் ஊசியால் தைத்ததுபோல் வரிசையான சிறு கோடுகள். தண்ணீரை விட்டு வெளியே வராது. வந்தால் காய்ந்து செத்துவிடும்.

பெட்டியை எட்டிப் பார்த்த அத்தை இரண்டடி பின்னால் போனார். "மீனு செத்தா குப்பையில போடலாம். இது செத்தா எங்க பொதைக்கிறது?"

"இது சாகாது. கரண்ட் போனாலும் மேல வந்து தானா மூச்சு விட்டுக்கும். நம்ம ஊருக்குன்னே கடவுள் படைச்சது" என்றார் மாமா.

"அப்பறம் ஏன் ஆப்பிரிக்காவுல கொண்டுபோய்ப் படைச்சாரு?"

அத்தை அப்படித்தான் பேசுவார். என்னிடமும் அப்படித்தான். மண்புழு தோண்டிவிட்டு வந்தால், "ஏ தேரைக்காரி, கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு அடுப்படிக்குள்ள வா. உன் நகத்துக்குள்ள ஒரு தோட்டமே இருக்கு" என்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. இதை மறைத்தால் பின்னால் நான் சொல்லப்போவது புரியாது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியும் அவருக்குக் குழந்தை இல்லை. தில்லைநகரில் ஒரு மருத்துவமனையில் வைத்தியம் நடந்தது. அதற்கான ஊசி மருந்துகள் ஃபிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் இடத்தில் நின்றன. அவற்றில் ஒன்று மட்டும் தனி. சின்னக் கண்ணாடிக் குப்பி, ரப்பர் மூடி, அடியில் வெள்ளைத் தூள். உடனிருந்த தண்ணீரை அதில் கலந்து, டாக்டர் சொல்லும் நாளில், சொல்லும் நேரத்தில் போட வேண்டும். கருமுட்டை வெளியே வருவதற்கான மருந்து அது. அத்தை தன் வளையல்களை அடகு வைத்து வாங்கியது. "இத யாரும் தொடக் கூடாது" என்று அவர் சொன்னதும் நினைவிருக்கிறது.

உறையூரிலிருந்து பெரியம்மா வாரம் ஒருமுறை வருவார். அத்தை சுட்டுக் கொடுத்த பஜ்ஜியைத் தின்றுகொண்டே, அத்தை காதுபடவே அம்மாவிடம் சொல்வார்: "இந்தத் தடவையும் நிக்கலன்னா தை மாசம் வேற பொண்ணு பாக்க வேண்டியதுதான். தம்பிக்கு என்ன வயசாயிடுச்சு?" தேரைகள் வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "தேரை மோந்த தேங்காய ஒடச்சுப் பாத்திருக்கியா? ஓட்டுக்குள்ள ஒண்ணும் இருக்காது. வீட்டுல தேரைய வளத்துக்கிட்டு டாக்டருக்குக் கொட்டிக் குடுத்து என்ன பிரயோஜனம்?"

தேரைகளும் குஞ்சு பொரிக்கவில்லை. குளிர்ந்த மழைத் தண்ணீர் இறங்கினால்தான் அவை ஜோடி சேரும். ஸ்ரீரங்கத்து ஆவணியில் எங்கே குளிர்? மாமா தொட்டியில் பாதித் தண்ணீரை இறக்கி ஐஸ் கட்டி போட்டுப் பார்த்தார். ஈரச் சாக்கை மூன்று மடங்காக்கினார். பூவாளியால் மழை மாதிரி தெளிக்கச் சொன்னார், ஒரு வாரம் தெளித்தேன். ஆண் தேரை அடியில் கிடந்து என்னைப் பார்த்தது. கொளத்தூர்க்காரர் போனில் சொன்னார்: பெண்களுக்குப் போடும் இன்ன ஊசியைப் போட்டால் மறுநாளே முட்டை. மாமா மருந்துக்கடையில் கேட்டார். சீட்டு இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள்.

காலாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். மாமா ஃபிரிட்ஜைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்தார். தண்ணீரைத் தூளில் கலந்தார். குலுக்காமல் உள்ளங்கையில் வைத்து உருட்டினார். சர்க்கரை நோயாளிகள் பயன்படுத்தும் மெல்லிய ஊசியில் கொஞ்சம் உறிஞ்சினார்.

"வலைய நனைச்சுப் புடி பாப்பா. காஞ்ச கையால தொடாத."

நனைத்த வலைக்குள் பெண் தேரையைப் போட்டு அழுத்திப் பிடித்தேன். வாழைத்தண்டை எண்ணெயில் முக்கியதுபோல் வழுக்கியது. முதுகுத் தையல் கோட்டுக்கு உள்பக்கம், தோலுக்கு அடியில் ஊசி போனது. அது கத்தவில்லை, கண்ணை மூடவும் இல்லை, மூடுவதற்கு இமை கிடையாது. பிறகு ஆணுக்கு அதில் பாதி. மாமா குப்பியை அதன் அட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பழையபடி ஃபிரிட்ஜ் கதவில் வைத்தார்.

"மாமா, அது அத்தையோடதாச்சே?"

"சொட்டுதாண்டா எடுத்தேன். அவளுக்கு வேண்டியது அப்படியே இருக்கு. சொன்னா சும்மா பயந்துக்குவா. நீ வாயத் தொறக்காம இருந்தா, பொரிக்கிறதுல ஒரு தொட்டி உனக்கு."

மறுநாள் காலையில் முட்டைகள். தொட்டிச் சுவரில், வேலம்பாசியில், கவிழ்த்து வைத்த பழக்கூடையின் கண்களில், தனித்தனியாக ஒட்டிக்கொண்டு, ஜவ்வரிசி போல. பெற்ற தேரைகளே அவற்றைத் தின்றுவிடும் என்பதால் இரண்டையும் உடனே வேறு தொட்டிக்கு மாற்றினோம். அன்று நான் பல் தேய்க்கக்கூட மறந்துபோனேன். என் வாழ்வில் அதற்கு முன்போ பின்போ அத்தனை சந்தோஷமான காலை இருந்ததில்லை. இதையும் என் குற்றப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று முதல் நான்கு நாட்களுக்குக் கரண்ட் வழக்கத்தைவிட மோசம். ஃபிரிட்ஜிலிருந்து வழிந்த தண்ணீர் சமையலறையில் குட்டையாக நின்றது. அத்தை இட்லி மாவைக் கிணற்றடியில் பானைத் தண்ணீரில் இறக்கி வைத்தார். மருந்தை எடுத்து இறக்க அவருக்குத் தோன்றவில்லை. அது தூளாகத்தான் இருக்கிறது, கரண்ட் போனாலும் தாங்கும் என்று மருந்துக்கடையில் சொல்லியிருந்தார்கள். கெட்டியான காகித அட்டைக்குள் அது தூளாக இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஊசி போட வேண்டும் என்று மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள். எதிர்வீட்டு நர்ஸ் அக்கா வந்தார். அட்டையைப் பிரித்துக் குப்பியை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, கலந்து வெச்சிருக்கு?"

"நான்தாம்மா. உனக்கு வேல மிச்சம்னு இப்பத்தான் கலந்தேன்" என்றார் மாமா. குரலில் ஒரு பிசிறும் இல்லை.

நர்ஸ் அக்கா அத்தையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு ஊசியைப் போட்டார்.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "மாமா அந்த மருந்த எடுத்துத் தேரைக்குப் போட்டாரும்மா. போன ஞாயித்துக்கெழம."

மடித்த சட்டையை அம்மா பிரித்து மறுபடி மடித்தார். "யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. நாம இருக்கறது அவன் வீட்டு மாடி. புரியுதா?"

புரிந்தது.

முட்டைகள் மூன்றாம் நாளே பொரிந்திருந்தன. தலைப்பிரட்டைகள் கண்ணாடித் துண்டுபோல இருந்தன, உள்ளே குடல் சுருண்டிருப்பது தெரியும். கெளுத்தி மீனைப் போல வாயோரம் இரண்டு மீசை. தலைகீழாக நின்று வால் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். முருங்கைக் கீரையை நிழலில் காயவைத்துப் பொடித்து, வேட்டித் துணியில் சலித்து, தண்ணீரில் கரைத்து ஊற்றுவேன். அரை மணியில் அத்தனை குடலும் பச்சையாகிவிடும். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் ஆகாது, கிணற்றுத் தண்ணீர்தான். செத்தவை எத்தனை, எந்தத் தொட்டியில், என்ன காரணம் என்று தினமும் எழுதினேன். மாமா எழுதியதில்லை. பிற்பாடு கொளத்தூர்க்காரரிடம் என் நோட்டைப் பார்த்து வரிவரியாகப் படித்துக் காட்டி, "நம்ம அனுபவத்துல சொல்றேன்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, அத்தைக்குக் கரு நிற்கவில்லை என்று தெரிந்தது. கொல்லைக்கு வந்தார். அதுவரை அவர் தொட்டிப் பக்கம் வந்ததே இல்லை. மூக்கைப் பொத்தாமல் குனிந்து தலைப்பிரட்டைகளைப் பார்த்தார்.

"எப்டி திடீர்னு போட்டுச்சு? ஒரு மாசமா ஒண்ணுமில்லாம இருந்துச்சே?"

"மழ பெஞ்சுச்சுல்ல அத்தை."

"எங்க பெஞ்சுச்சு?" அவர் என் பக்கம் திரும்பினார். "ஃபிரிட்ஜ்ல இருந்த மருந்த உங்க மாமா தொட்டாரா? ஆமான்னா ஆமான்னு சொல்லு. உன்ன யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

"இல்லத்தை."

"நெசமா?"

"நெசமா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணங்களை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். அம்மா சொல்லியிருந்தார். ஆமாம் என்றால் அந்தத் தொட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள் என்று பயந்தேன். அவரை எனக்குப் பிடிக்காது. நான் வயதில் சின்னவள் என்பதை இதில் சேர்க்க நான் தயாரில்லை. செத்த தலைப்பிரட்டைக்குக் காரணம் எழுதத் தெரிந்தவளுக்கு இதுவும் தெரிந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெரியம்மா, சித்தி, அம்மா, மாமா, ஜீயபுரத்திலிருந்து அத்தையின் அண்ணன். அத்தை சுவரில் சாய்ந்து நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன்.

"நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், தேரை ஆகாதுன்னு" என்று பெரியம்மா ஆரம்பித்தார். "ஆனா ஒண்ணு, தேரை மோந்தா எல்லா மரத்துக் காயுமா போகுது? நோஞ்சான் மரத்துக் காயிதான் போகும்."

சித்தி சிரித்தார். ஆமாம், உங்களில் சிலருடைய அம்மாதான்.

அத்தையின் அண்ணன் மெதுவாகப் பேசும் மனிதர். "மச்சான், ஒண்ணு செய்யுங்க. அதுங்கள யாருக்காவது குடுத்துடுங்க. இன்னும் ஒரு தடவ வைத்தியம் பாப்போம். செலவு நான் பாத்துக்கறேன்."

மாமா எழுந்து நின்றார். அந்த வாக்கியத்தை நான் ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். "மச்சான், நான் படிச்சவன். இந்த மூட நம்பிக்கையெல்லாம் எங்கிட்ட வேணாம். அந்தத் தேரைக்கும் இவ வயித்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

அத்தை அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் காலித் தம்ளர்களை அடுக்கத் தொடங்கினேன்.

"சரி" என்றார் அத்தை. "கோளாறு எங்கிட்டதான்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டீங்க. அண்ணே, போலாம்." ஒரு பெட்டியும் ஒரு தையல் மிஷினும் எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் வக்கீல் அனுப்பிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

எனக்குச் சொன்னபடி ஒரு தொட்டி கிடைத்தது. தலைப்பிரட்டைகளுக்குப் பின்னங்கால் முளைத்தது, பிறகு முன்னங்கால், வால் சுருங்கியது. மே மாதம் நீங்கள் வந்து கைகொட்டிச் சிரித்தீர்கள். அத்தை எங்கே என்று உங்களில் ஒருவர் கேட்டதற்குச் சித்தி, "ஊருக்குப் போயிருக்கா" என்றார்.

இப்போது நான் ஒரு மருந்துக் கிடங்கில் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்கிறேன். குளிரில் வர வேண்டிய பெட்டி எட்டு டிகிரிக்கு மேல் போயிருந்தால் அதைத் திருப்பி அனுப்புவேன். கெஞ்சுவார்கள், ஆனாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்த மருந்தைப் பற்றியும் தேடிப் படித்தேன். தூளாக இருந்திருந்தால் அந்தச் சூட்டைத் தாங்கியிருக்கும். கலந்த பிறகு தாங்காது. மாமா பழகிய மீன் பண்ணைக்காரர்கள் மீன் முட்டையிடப் போடும் வேறொரு மருந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிவார்கள், இதுவும் அப்படித்தான் என்று எண்ணியிருப்பார். அது தவறு. ஆனால் நான் வன்மம் வைத்திருப்பது அந்தத் தவறுக்காக அல்ல.

மாமாவுக்குச் சாதகமானவற்றையும் எழுதுகிறேன். நல்ல மருந்து போட்டும் இந்த வைத்தியம் பலருக்குப் பலிப்பதில்லை. அத்தைக்கு அன்று பலித்திருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இரண்டாவது கல்யாணத்திலும் மாமாவுக்குக் குழந்தை இல்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். அப்போது கூடத்தில் யாரும் உட்காரவில்லை என்பதும் தெரியும்.

கல்யாண வீட்டில் நீங்கள் சிரித்ததற்கு அடுத்த வாரம் நான் ஜீயபுரம் போனேன். அத்தை வாழை இலைகளை அளவு பார்த்து நறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். சமையல் காண்ட்ராக்டர்களுக்கு இலை அனுப்புகிறார், அவருக்குக் கீழே நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, குப்பி, வலை, கரண்ட், நான் சொன்ன "இல்லத்தை". மன்னிப்புக் கேட்டேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "இதச் சொல்லத்தான் பஸ்ஸு ஏறி வந்தியா?"

"ஆமா அத்தை."

"எனக்குத்தான் தெரியுமே. ஊசி போட்ட மறுநாளே நர்ஸு வந்து சொன்னா, அது அப்பக் கலந்தது இல்லன்னு. ஆனா தெரிஞ்சே போட்டவ, நாலு பேரு முன்னாடி எப்டிச் சொல்லுவா? எனக்கு ஒரு சாட்சி வேணும்னுதான் உன்னக் கேட்டேன்."

கீழே விழுந்து கிடந்த ஓர் இலையை எடுத்துக் கட்டின் மேல் வைத்தேன்.

"நீ ஆமான்னு சொல்லிருந்தா நான் அந்த வீட்டுல இருந்திருப்பேன்னு நெனைக்காத. எப்டியும் வந்துருப்பேன். ஆனா கோளாறு யார்ட்டன்னு சொல்லிட்டு வந்துருப்பேன்." ஓர் இலையின் கிழிந்த ஓரத்தை வெட்டித் தள்ளினார். "இப்ப எங்கிட்ட சொன்னா உனக்கு மனசு லேசாகும். எனக்கு என்ன ஆகும்? அன்னைக்குக் கூடத்துல உக்காந்து பேசுனாங்கள்ல, அவங்கள்ட்ட போய்ச் சொல்லு. உங்க பெரியம்மா இருக்காங்கல்ல இன்னும்?"

"இருக்காங்க. சொன்னா நம்ப மாட்டாங்க அத்தை."

"நம்ப வேணாம். காதுல விழட்டும்."

அம்மாவிடமும் மாமாவிடமும் நேரில் சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். மாமா, "எந்தக் காலத்துக் கதை" என்றார். மீதி இருப்பவர்கள் உங்கள் அம்மாக்கள். நான் போனால் கதவைத் திறப்பார்கள், காப்பி கொடுப்பார்கள், பேச்சை மாற்றுவார்கள். நீங்கள் படித்தால் கேட்பார்கள். ஆகவே இதை முதல் வரியிலிருந்து, எதையும் விடாமல் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். சித்தி சிரித்த இடத்தையும் விடாதீர்கள். பெரியம்மாவுக்கு இப்போது காது மந்தம், சத்தமாகப் படியுங்கள்.